சோம்பேறித்தனமா, தைராய்டா?

ஒரு பெண் எந்நேரமும் அசதி அசதி என்று படுத்தால் "சோம்பேறி" என்று பேர் வைத்துவிடுகிறோம். இன்னொருத்தி திடீரென்று இளைத்து, கண் வெளியே தள்ளி, கை நடுங்கி, ராத்திரி தூங்காமல் எல்லார் மேலேயும் எரிந்து விழுந்தால் "காத்து கருப்பு பட்டிருக்கு" என்று கயிறு கட்டக் கூட்டிப் போகிறோம். லாபிசில் இரண்டு பேச்சையுமே நான் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் கழுத்தில் இருக்கிற ஒரே சுரப்பியாக இருக்கலாம்.

தைராய்டு, குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டில் வருகிற அயோடினை எடுத்து டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் செய்கிறது. இதயம், குடல், தோல், மூளை எல்லாம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அவைதான் சொல்கின்றன.

நான் படிப்பது பொறியியல், அதனால் எனக்கு இது ஏர்கோன் மாதிரிதான் புரிந்தது. அறை சூடானால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை ஓடச் சொல்லும்; குளிர்ந்ததும் நிறுத்தும். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரிதான் அந்தத் தெர்மோஸ்டாட். அது அனுப்புகிற கட்டளைக்குப் பேர் டி.எஸ்.எச். கம்ப்ரசர் பழுதானால் என்ன ஆகும்? அறை குளிராது, கட்டளை மட்டும் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் தைராய்டு குறைந்தவருக்கு டி.எஸ்.எச். ஏறியிருக்கும், தைராய்டு கூடினவருக்கு டி.எஸ்.எச். இறங்கியிருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து "டி.எஸ்.எச். 12, அப்போ தைராய்டு கூடிப்போச்சு" என்று தலைகீழாக முடிவு செய்கிறவர்கள் நிறைய. சாதாரண அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை, லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும்.

குறைந்தால் எல்லாமே மெதுவாகும். அசதி, எடை ஏறுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மாதவிடாய் அதிகமாகப் போவது, ஞாபக மறதி, கொலஸ்ட்ரால் ஏறுவது. கூடினால் எல்லாமே வேகம்: நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், அடிக்கடி வயிறு போவது. கண் பிதுங்குவது கிரேவ்ஸ் நோயின் அடையாளம். 1835-லேயே ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து டாக்டர் இதை எழுதி வைத்துவிட்டார். சிகரெட் இந்தக் கண் பாதிப்பை மோசமாக்கும், பையன்கள் கவனிக்கவும். குறைவுக்குப் பெரிய காரணம், நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற ஹாஷிமோட்டோ நோய். அதை 1912-ல் விவரித்தவர் ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ. இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம்.

அயோடின் பற்றாக்குறை இன்னொரு கதை. சரவாக் உள்பகுதி நீண்டவீடுகளில் கழுத்துக் கழலை ஒரு காலத்தில் சாதாரணம். இந்தியாவில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு கொடுத்து ஆராய்ந்தார்கள், கழலை குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது. இப்போது விரதத்துக்கும் 'ஆரோக்கியத்துக்கும்' இந்துப்பு மட்டும் பாவிக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை.

குறைவுக்கு மருந்து லெவோதைராக்சின். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு; பசியாறவும் கோப்பி குடிக்கவும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. தைப்பூச விரதத்தில் நாம் தௌஃபூவும் சோயாத் தண்ணியுமாகத்தானே இருக்கிறோம்? சோயா இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது, ஆபத்தே அதுதான். டி4 உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். "ரெண்டு வாரமா போடல, நல்லாத்தான் இருக்கேன்" என்பது இதனால்தான். மாத்திரை அளவை மாற்றினாலும் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள்.

சர்வாங்காசனம் செய்தால், விசுத்திச் சக்கரத்தில் தியானம் செய்தால் தைராய்டு சரியாகும் என்று வாட்சப்பில் வரும். நானும் யோகா செய்கிறவன்தான், மனசுக்கு நல்லது. ஆனால் பழுதான சுரப்பிக்குப் பதில் அது ஹார்மோன் சுரக்காது. கர்ப்பத்தில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. அக்காவோ அண்ணியோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், கர்ப்பம் தெரிந்த அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் கூட்ட வேண்டி வரும். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்ப்பதும் இந்த மூளைக்காகத்தான்.

கூடுதலுக்குக் கார்பிமசோல் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை என்று வழிகள் உண்டு. கார்பிமசோல் எடுக்கிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது. அந்த மருந்து அபூர்வமாக வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். "அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மாதமாக, எடை எவ்வளவு மாறியது, மாதவிடாய் எப்படி, வீட்டில் வேறு யாருக்குத் தைராய்டு என்று சொல்லுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும், அது பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டும்.