மின்கலமும் நோயாளியின் அறையும்: தேர்ந்தெடுத்தல், மின்னேற்றுதல், பாதுகாத்தல்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியோடு இக்காலத்தில் மருந்துகள் மட்டும் வீடு செல்வதில்லை. கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டி, நெபுலைசர், மின்சாரச் சக்கர நாற்காலி எனப் பல கருவிகளும் உடன் செல்கின்றன. இவற்றுள் பல, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க பேட்டரியால், அதாவது மின்கலத்தால் இயங்குபவை. துணைக்கு இருப்பவரின் கைப்பேசி, பவர் பேங்க், மின்தடை நேரத்துக்கான கைவிளக்கு, சிறு மின்விசிறி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. கட்டிலுக்கு அருகிலுள்ள ஒரே மின்பலகையில் இவை அனைத்தும் இரவு முழுதும் செருகப்பட்டுக் கிடக்கும் வீடுகள் பல.

நலமாக இருப்பவர், ஒரு கருவி புகையத் தொடங்கினால் எழுந்து விலகிவிடுவார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவரால் அது இயலாது. ஆகவே நோயாளி இருக்கும் இல்லத்தில் எந்த மின்கலத்தை வாங்குகிறோம், எதைக் கொண்டு மின்னேற்றுகிறோம், எவ்விடத்தில் மின்னேற்றுகிறோம் என்னும் மூன்று வினாக்களும் மருந்து வேளைக்கு ஒப்பான கவனத்தைப் பெற வேண்டும். அவற்றுக்கான விடைகளை இப்பாடத்தில் காண்போம்.

மின்கலத்தின் உள்ளே இருப்பது என்ன?

இன்று நாம் பயன்படுத்தும் கைப்பேசி, பவர் பேங்க், மடிக்கணினி ஆகியவற்றுள் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கிய அறிவியலாளர் மூவருக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறிய உருவில் மிகுந்த ஆற்றலைத் தாங்குவதே இதன் சிறப்பு. அச்சிறப்பே இதன் ஆபத்துக்கும் காரணம்.

இக்கலத்தினுள் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என இரு தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பிரிப்பது தலைமயிரை விட மெல்லியதொரு பிளாஸ்டிக் படலம். அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. அளவுக்கு மீறிய மின்னேற்றம், அடி, நசுங்கல், வெளிச்சூடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் உள்வெப்பம் உயரும்போது, வேதிவினைகள் தாமே மேலும் வெப்பத்தை வெளியிடத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் பாலிஎத்திலீன் படலம் உருகிவிடும். தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால், சூடு சூட்டைப் பெருக்கும் அந்நிலையை எவராலும் வெளியிலிருந்து நிறுத்த இயலாது. நச்சுப் புகையும், அதனைத் தொடர்ந்து தீயும் வெளிப்படும்.

மின்னணு சிகரெட் விபத்துகள் கற்பித்த பாடம்

தனித்துக் கழற்றி மாட்டும் மின்கலங்களின் ஆபத்தை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது மின்னணு சிகரெட் விபத்துகளால்தான். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் பதிவான 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 61 நிகழ்வுகள், கருவியோ மாற்று மின்கலமோ உடையின் பையில் இருந்தபோது நேர்ந்தவை. 60 நிகழ்வுகள் கருவியைப் பயன்படுத்தும் வேளையிலும், 48 நிகழ்வுகள் மின்னேற்றும் வேளையிலும் நேர்ந்தன.

பையில் வெறுமனே கிடந்த மின்கலம் ஏன் தீப்பற்ற வேண்டும்? இக்கருவிகளில் பெரிதும் பயன்படுவது 18650 என்னும் உருளைக் கலம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதாதலால் இப்பெயர். இதன் உலோக உறை முழுவதும் எதிர்முனையாகும். மேல்நுனியிலுள்ள சிறு பொத்தான் மட்டுமே நேர்முனை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் மேலுறையும் ஒரு சிறு வளையமும் மட்டுமே தடுப்பாக உள்ளன. சாவியோ நாணயமோ இவ்விரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குச்சுற்று உண்டாகி, கலம் நொடிகளில் கொதிநிலைக்குச் சென்றுவிடும். தொடையிலும் கையிலும் ஆழ்ந்த தீக்காயம் ஏற்படுவது இவ்வாறே.

பயன்பாட்டின்போது நேரும் விபத்துக்கு வேறொரு காரணம் உண்டு. 4.2 வோல்ட் கலத்தை 0.2 ஓம் தடை கொண்ட கம்பிச்சுருளோடு இணைத்தால் 21 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். தொடர்ந்து 10 ஆம்பியர் மட்டுமே தரவல்ல கலம் அச்சுமையைத் தாங்காது. உறையின்மீது பெரிய எழுத்தில் அச்சிடப்படும் உச்ச மின்னோட்ட அளவு ஓரிரு நொடிகளுக்கு மட்டுமே பொருந்துவது. தொடர் மின்னோட்ட அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்னணு சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்துள்ளது. எனினும் அதே உருளைக் கலம் கைவிளக்கிலும், சிறு மின்விசிறியிலும், பவர் பேங்கிலும் நம் வீட்டில் இருக்கிறது. ஆகவே அப்பாடம் நமக்கும் உரியது. புகைப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோர் 1800-11-2356 என்னும் தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, கொள்ளளவு. உண்மையான 18650 கலங்களில் பெரும்பாலானவை 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்ளளவு உடையவை. அதே உருவில் 6000 என்றும் 9900 என்றும் அச்சிட்டு மலிவாக விற்கப்படுபவை போலிகள். நல்ல கலம் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் வரை எடையிருக்கும். கையிலெடுத்தால் தக்கை போல் இலேசாக இருப்பதை வாங்க வேண்டா.

இரண்டாவது, தரச்சான்று. நம் நாட்டில் லித்தியம் கலங்களுக்கும் பவர் பேங்குகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயமாகும். அவ்வமைவனத்தின் முத்திரையும் பதிவெண்ணும் பொருளின்மீது அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பார்த்து வாங்குக.

மூன்றாவது, வகை. சில கைவிளக்குகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பிறிதொரு வகை இருக்கும். அதற்குரிய முழு மின்னேற்றம் ஏறத்தாழ 3.65 வோல்ட். சாதாரண லித்தியம் அயனிக்கோ 4.2 வோல்ட். சுவர்க்கடிகாரத்தில் இடும் அளவிலுள்ள நிக்கல் வகைக்கு 1.2 வோல்ட்டே இயல்பான மின்னழுத்தம். உருவம் ஒத்திருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடுதல் கூடாது.

நான்காவது, இணை. ஒரு கருவியில் இரு கலங்கள் வேண்டுமாயின், ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கலங்களை ஒருங்கே வாங்கி, ஒருங்கே பயன்படுத்தி, ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் வலுக்குறைந்த கலம் அளவுக்கு மீறி வடிந்து பழுதாகும்.

மின்னேற்றும்போது கவனிக்க வேண்டியவை

கருவியோடு வந்த சார்ஜரையோ, அக்கருவியைச் செய்த நிறுவனம் பரிந்துரைத்த சார்ஜரையோ மட்டும் பயன்படுத்துக. செருகி பொருந்துகிறது என்பதற்காக எதனையும் எதிலும் செருகுதல் ஆகாது. நல்ல சார்ஜர் தொடக்கத்தில் சீரான மின்னோட்டத்தைத் தந்து, 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே சென்று தானாக நின்றுவிடும். இவ்வாறு நிற்காத மலிவுச் சார்ஜரே விபத்தின் வாயில்.

மின்னேற்றும் இடம், ஓடு பதித்த தரை அல்லது கல் மேடை போன்று தீப்பற்றாததாக இருக்கட்டும். மெத்தை, தலையணை, செய்தித்தாள், திரைச்சீலை ஆகியவை அருகில் வேண்டா. தலையணைக்கடியில் கைப்பேசியை வைத்து மின்னேற்றும் பழக்கத்தை அறவே விடுக. அறையின் வாயிலை ஒட்டியும் மின்னேற்ற வேண்டா. தீப்பற்றினால் நோயாளியை வெளிக்கொணரும் ஒரே வழி அடைபட்டுவிடும். மின்சார ஸ்கூட்டரின் மின்கலத்தை நோயாளி உறங்கும் அறையிலோ மாடிப்படியின் அடியிலோ வைத்து மின்னேற்றுதல் மிகவும் தவறு.

விழித்திருக்கும் வேளையில் மின்னேற்றி, நிறைந்ததும் செருகியைக் கழற்றிவிடுக. பெரும்பாலான லித்தியம் அயனிக் கலங்களை 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னேற்றலாகாது. கோடையில் வெயிலில் நின்ற காருக்குள்ளும், சன்னலோர வெயிலிலும் அவ்வெப்பம் எளிதில் வந்துவிடும். நீண்டநாள் எடுத்துவைக்க வேண்டிய கலத்தைப் பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கவும்.

ஆக்சிஜன் பெறும் நோயாளி இருப்பின்

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் எரியும் எதனையும் கடுமையாக எரியச்செய்யும். நோயாளியின் உடையிலும் போர்வையிலும் தலைமயிரிலும் ஆக்சிஜன் செறிந்திருக்கும். கருவியை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் அது தங்கும். ஆகவே கைப்பேசி, பவர் பேங்க் முதலியவற்றை அக்கட்டிலின்மீதோ அருகிலோ மின்னேற்றக் கூடாது. பீடி, சிகரெட், மின்னணு சிகரெட், ஊதுவத்தி, விளக்கு ஆகியவை அவ்வறைக்குள் வரலாகாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விழைகிறோம். இக்கட்டுரையைப் படித்துவிட்டு ஆக்சிஜன் செறிவூட்டியையோ, செயற்கைச் சுவாசக் கருவியையோ இரவில் மின்னிணைப்பிலிருந்து கழற்றிவிட வேண்டா. மருத்துவக் கருவிகளின் மின்கலம் அதற்கெனவே அமைந்த கட்டுப்பாட்டுச் சுற்றோடு வருவது. மின்தடையின்போது உயிர் காப்பதும் அதுவே. கருவியின் கையேடு கூறுமாறு அதனை நடத்துக. அதற்கெனத் தனிச் சுவர் இணைப்பை ஒதுக்குக. பல செருகிகள் கொண்ட நீட்டிப்புப் பலகையில் அதனை இணைக்க வேண்டா. மாற்று மின்கலம் வேண்டுமாயின் கருவியை வழங்கியவரிடமே பெறுக. தெருக்கடையில் கலத்தைப் பிரித்து மாற்றித் தருவதாகச் சொன்னால் உடன்பட வேண்டா.

கைவிட வேண்டிய மின்கலம்

மேலுறை கிழிந்த கலம், உப்பிய கலம், நீரில் விழுந்த கலம், கீழே விழுந்து நசுங்கிய கலம், மின்னேற்றும்போது கையால் தொட முடியாத அளவு சூடாகும் கலம், இனிப்பும் காரமும் கலந்த மருந்து நெடி வீசும் கலம் ஆகியவற்றை உடனே நிறுத்துக. மாதக்கணக்கில் வடிந்து கிடந்த தனிக்கலத்தை மீண்டும் மின்னேற்ற முயல்வதும் ஆபத்தே. உள்ளிருக்கும் செம்பு கரைந்து, மின்னேற்றும்போது உட்புறக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். உப்பிய கலத்தை ஊசியால் குத்துதல், அழுத்துதல் கூடாது. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்கவும். குப்பைத்தொட்டியில் இட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றும். துன்புறுவோர் தூய்மைப் பணியாளரே.

தீ நேர்ந்தால் செய்ய வேண்டியவை

சீறும் ஒலி, புகை, உப்பல் ஆகியவை தோன்றினால் முதலில் நோயாளியை அப்புறப்படுத்துக. ஆக்சிஜன் குழாயை அகற்றி, அதன் ஓட்டத்தை நிறுத்துக. கருவியைக் காப்பாற்ற முயல வேண்டா. வெளியேறும்போது கதவைச் சாத்தி, 101 அல்லது 112 எண்ணை அழைக்கவும். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கக்கூடும் என்பதால் குனிந்து பார்த்தல் ஆகாது. அடங்கிய தீ மீண்டும் மூளக்கூடும் என்பதால் தீயணைப்புத் துறையினர் வரும்வரை உள்ளே செல்ல வேண்டா.

உடலில் தீக்காயம் பட்டால், ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுக. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுக. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டா. கலத்தின் திரவம் நனைத்த உடையை அகற்றி, நீரை மிகுதியாக ஊற்றிக் கழுவுக. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து இடைவிடாது கழுவுக. பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள் எதுவும் வேண்டா. தூய துணியால் மூடி 108 ஊர்தியை அழைக்கவும். புகையை மட்டும் சுவாசித்தவரும், நலமாகத் தோன்றினாலும், மருத்துவரைக் காண வேண்டும்.

இன்றே செய்யத்தக்கது

இவ்விதழை மடித்து வைக்குமுன் வீட்டில் ஒரு சுற்று வாருங்கள். கட்டிலருகே எத்தனை செருகிகள் உள்ளன என எண்ணுங்கள். உயிர் காக்கும் கருவியைத் தவிர ஏனையவற்றை மேற்கூறியவாறு தீப்பற்றாத வேறிடத்துக்கு மாற்றுங்கள். உப்பிய பவர் பேங்க் இழுப்பறையில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். நோயாளியை எவ்வழியாக, எவர் தூக்கிச் செல்வது என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். கருவியைக் குறித்து ஐயம் எழுந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதன் சார்ஜரையும் கையேட்டையும் உடன் கொண்டுவருக. உங்களோடு சேர்ந்து பார்த்துச் சொல்ல நாங்கள் அணியமாயிருக்கிறோம்.