விளிம்பின் மேல் ஒரு நடனம்

சைக்கிளில் வேகமாகச் சென்று தெருமுனையில் திரும்பும்போது உங்கள் உடல் உட்புறமாகச் சாய்கிறது அல்லவா? சாயாமல் திரும்ப முயன்றால் வெளிப்புறமாகக் கவிழ்ந்து விழ நேரிடும். வளைந்து செல்லும் எந்தப் பொருளுக்கும் வட்டத்தின் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. இதுவே மையநோக்கு விசை. இந்த விசையை ஆளப் பழகுவதற்காக, கையிலிருந்த வேலையையே உதறிய இருவரின் கதையை இப்போது காண்போம்.

இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரில் ஜேன் டோர்வில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. கிறிஸ்டோபர் டீன் ஒரு போலீஸ்காரர். 1975-இல் இருவரும் ஜோடி சேர்ந்து பனிக்கட்டி நடனம் பழகத் தொடங்கினர். அதற்கடுத்த ஆண்டுதான் இந்நடனம் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது.

இந்நடனத்தில் அந்தரத்தில் பல முறை சுழலும் தாவல்கள் கிடையா. அப்படியானால் திறமை எதில் தெரியும்? காலடியில்தான்!

சறுக்குக் காலணியின் அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடு இருக்கும். அதன் அடிப்புறம் தட்டையானதன்று. நீளவாக்கில் ஒரு பள்ளமும், அதன் இருபுறமும் இரண்டு கூரிய விளிம்புகளும் உண்டு. உடலைச் சாய்த்தால் ஒரு விளிம்பு பனிக்கட்டியைக் கவ்விக்கொள்ளும். முன்னோக்கிச் செல்ல உராய்வு மிகக் குறைவு. ஆனால் பக்கவாட்டில் தகடு நழுவாது. பனிக்கட்டி அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலே மையநோக்கு விசை!

எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் கிடைக்கும். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒருவர் செல்வதாகக் கொள்வோம். 25 ÷ (5 × 10) = 0.5. சாய்வு ஏறத்தாழ 27 பாகை.

அவரோடு கைகோத்து வெளிப்புறத்தில் வருபவரின் வட்டம் 6 மீட்டர் ஆரமுடையது என்க. இருவரும் ஒரே நேரத்தில் சுற்றை முடிக்க வேண்டுமானால் இவர் விநாடிக்கு 6 மீட்டர் செல்ல வேண்டும். 36 ÷ (6 × 10) = 0.6. சாய்வு ஏறத்தாழ 31 பாகை! இருவர் வேகமும் வேறு, சாய்வும் வேறு. ஆயினும் பார்ப்பவர்களுக்கு ஓருடல் போலத் தோன்ற வேண்டும். ஒருவர் சற்றுப் பிசகினாலும் மற்றவரை இழுத்துவிடுவார்.

வேலை பார்த்துக்கொண்டே பழகிய இந்த ஜோடி 1980 ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடமே பெற்றது. அதன்பின் இருவரும் துணிந்து வேலையை விட்டனர். நாட்டிங்ஹாம் நகரசபை நிதியுதவி அளித்தது. 1981 முதல் 1984 வரை நான்கு ஆண்டுகளும் உலகப் பட்டம் இவர்களுக்கே!

1984 பிப்ரவரி 14. அன்றைய யுகோஸ்லாவியாவின் சரயேவோ நகரில் ஒலிம்பிக் போட்டி. இவர்கள் தேர்ந்தெடுத்தது ராவெலின் ‘பொலேரோ’ இசை. அதை எவ்வளவு சுருக்கியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. விதிப்படி அதிகபட்ச நேரம் 4 நிமிடம் 10 விநாடி. மிகுந்த 18 விநாடியை என்ன செய்வது? தகடு பனிக்கட்டியைத் தொட்டுச் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரம் ஓடும் என்பது அன்றைய விதி. எனவே இருவரும் முழந்தாளிட்டபடியே, தகடு படாமல், உடலை மட்டும் அசைத்து ஆட்டத்தைத் தொடங்கினர்!

கலையழகுக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண்ணான 6.0 வழங்கினர். தங்கப் பதக்கம் கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1994-இல், அவர்கள் மீண்டும் ஒலிம்பிக்கில் ஆடி வெண்கலம் வென்றனர். 2025-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் நடத்தினர். ஜோடி சேர்ந்து அப்போது 50 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உங்களுக்கு ஒரு கணக்கு: வட்டம் மாறாமல் வேகம் மட்டும் இரு மடங்கானால், சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் எத்தனை மடங்காகும்? போட்டுப் பாருங்கள். அடுத்த முறை சைக்கிளில் திரும்பும்போது வேகத்தைக் குறைக்க மறக்கமாட்டீர்கள்!