ஹோபார்ட் பிரபுவும் நம் பிள்ளைகளின் படிப்பும்

சென்னை ராயப்பேட்டையில் ஹோபார்ட் பெயரில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்களை இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

வீர் ஹென்றி ஹோபார்ட், 1818-ல் இங்கிலாந்தின் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1840-ல் வர்த்தக வாரியத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1842-ல் பிரேசிலுக்குச் சென்ற தூதுக்குழுவில் செயலாளராக இருந்தார். 1861-ல் உஸ்மானிய அரசின் வரவு செலவை ஆராய இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டார். பிறகு உஸ்மானிய வங்கியின் தலைமைப் பொறுப்பும் வகித்தார். அவருடைய தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், துருக்கிக் கடற்படையில் தளபதியாகி ‘ஹோபார்ட் பாஷா’ என்றே பெயர் பெற்றார்.

1872-ல் ஹோபார்ட் சென்னை மாகாண கவர்னரானார். அப்போது அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகள் மிகக் குறைவு. ‘இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஆண்டு வெளியான அரசாணை அப்படிச் சொல்லவில்லை. பள்ளித் திட்டமே இந்து மாணவர்களின் தேவையை மட்டும் பார்த்து வகுக்கப்பட்டது. இந்த நிலையில் முஸ்லிம் பிள்ளைகள் ஓரளவாவது வந்ததுதான் வியப்பு என்றது. முஸ்லிம்கள் நிறைந்த ஊர்களில் தனி வகுப்புகள் தொடங்க உத்தரவிட்டது. குறையைப் பிள்ளையிடம் தேடாமல் பள்ளியிடம் தேடிய இந்தப் பார்வை, உதவித்தொகை விண்ணப்பங்களைப் புரட்டும் நமக்கும் தேவைப்படுகிறது.

ஆனால் திட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. முஸ்லிம் என்றால் உருது என்று எடுத்துக்கொண்டார்கள். நம் கொங்குப் பகுதியில் ராவுத்தர் வீடுகளின் மொழி தமிழ். பள்ளப்பட்டியில் போய்க் கேட்டால் தெரியும். கோட்டைமேட்டில் இரண்டும் ஒலிக்கும். தமிழ் பேசும் பிள்ளைக்கு உருது வகுப்பு இன்னொரு சுமைதானே?

பெண் பிள்ளைகளின் படிப்பை அவருடைய துணைவியார் ஹோபார்ட் சீமாட்டி கையில் எடுத்தார். கோஷா வழக்கம் கடுமையாக இருந்த காலம் அது. ராயப்பேட்டைப் பள்ளி அவர் முயற்சியின் பலன்.

சென்னைக்குத் துறைமுகமும் நல்ல வடிகால் வசதியும் வேண்டும் என்று கவர்னர் வற்புறுத்தி வந்தார். வடிகால் வருமுன், 1875 ஏப்ரல் 27 அன்று டைபாய்டு காய்ச்சலில் அவரே இறந்துபோனார். தந்தை உயிரோடு இருந்ததால் குடும்பத்தின் ‘ஏர்ல்’ பட்டம் அவருக்கு வரவே இல்லை. அடக்கம் செய்யப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டை மாதா கோவிலில். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1885-ல் சீமாட்டி வெளியிட்டார்.

உங்கள் தெருவில் படிப்பை இடையில் நிறுத்திவிட்ட ஆணோ பெண்ணோ இருந்தால், ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஏன் நின்றது என்பதையும் அந்தப் பிள்ளையிடமே கேட்டு வந்து சொல்லுங்கள்.