கடையை அளக்கும் கைத்தொலைபேசி

கடை ஒன்றை வாடகைக்கு எடுக்கும்போது நாம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். இடம் எப்படி? வாடகை எவ்வளவு? உள்ளே எத்தனை சதுர அடி என்பதைச் சொந்தக்காரர் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்வோம். நானும் இருபது வருடங்களாக அப்படித்தான் செய்து வந்தேன். அண்மையில் நாவற்குடாவில் பிரதான வீதியோரமாக ஒரு களஞ்சியசாலையைப் பார்க்கப் போனபோதுதான் இந்தப் பழக்கத்தால் எவ்வளவு நட்டம் என்பது விளங்கியது.

நீளம் 40 அடி, அகலம் 30 அடி, மொத்தம் 1200 சதுர அடி என்றார் சொந்தக்காரர். சதுர அடிக்கு 50 ரூபா வீதம் மாதம் 60,000 ரூபா வாடகை. என்னோடு வந்த மருமகன் தனது கைத்தொலைபேசியைச் சுவர்ப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒரு சுற்று நடந்தார். சில நிமிடங்களில் கட்டடத்தின் வரைபடம் திரையில் வந்துவிட்டது. பரப்பு 1118 சதுர அடி என்று அது காட்டியது.

இது எப்படி நடக்கிறது? தொலைபேசியின் கெமரா சுவரிலும் தரையிலும் உள்ள மூலைகள், கறைகள், வெடிப்புகள் போன்ற அடையாளப் புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறது. நாம் நடக்கும்போது அந்தப் புள்ளிகள் படத்தில் எவ்வளவு நகர்கின்றன என்பதையும், தொலைபேசிக்குள் இருக்கும் அசைவுமானிகள் சொல்வதையும் சேர்த்து, தான் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுகிறது. செய்மதியை நம்பும் ஜி.பி.எஸ். கூரைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. ஆகவேதான் இந்த வழி.

கூகுள் நிறுவனம் 2014இல் டாங்கோ என்ற திட்டத்தை அறிவித்தது. அதற்கென்றே தயாரான லெனோவோ தொலைபேசி 2016இல் விற்பனைக்கு வந்தது. 2018இல் அத்திட்டம் கைவிடப்பட்டாலும், அதே வேலையைச் சாதாரண கெமராவைக் கொண்டே செய்யும் வசதி அண்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றுக்கு வந்துவிட்டது. அப்பிள் நிறுவனம் 2020இல் ஐபோன் 12 ப்ரோவில் லைடார் என்ற கருவியைப் பொருத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அது சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி இது. சுமார் 5 மீற்றர் வரைக்கும் எட்டும்.

ஆனால், தொலைபேசி சொன்னதை வைத்து நான் பேரம் பேசவில்லை. டேப்பைப் பிடித்து அளந்தோம். அகலம் 28 அடி 6 அங்குலம், தொலைபேசி காட்டியது போலவே. நீளம் 38 அடி 6 அங்குலம். தொலைபேசியோ 39 அடி 3 அங்குலம் என்றிருந்தது. 9 அங்குலம் பிழை! அதை நம்பி ஓடாவியிடம் இறாக்கை செய்யக் கொடுத்திருந்தால் மரமும் கூலியும் வீண்.

பிழைக்குக் காரணம் உண்டு. நீளச் சுவர் புதிதாக வெள்ளையடித்த வெறுஞ்சுவர். பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லை. கண்ணாடியும் இருட்டும் இதே போலத்தான் ஏமாற்றும். நடக்க நடக்கச் சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும்.

டேப் கணக்குப்படி உள்ளே 1097 சதுர அடி. மீதி 103 எங்கே போனது? சுவர்கள் ஒவ்வொன்றும் 9 அங்குலத் தடிப்பு. சொந்தக்காரர் சொன்னது வெளிப்புற அளவு. அவர் பொய் சொல்லவில்லை. “தம்பி, அப்பா கட்டின நேரம் சொன்ன கணக்கத்தான் நானும் சொன்னன். உள்ளுக்கு அளந்த கணக்குக்கே எழுதுவம்” என்றார். வாடகை 54,850 ரூபாவாயிற்று. மாதம் 5,150 ரூபா மிச்சம். இரண்டு வருட உடன்படிக்கைக்கு 123,600 ரூபா.

நமது பகுதிக்கு வரைபடம் புதிதல்ல. உலக வங்கியின் உதவியோடு 2012 கடைசியில் ஆரம்பித்த திட்டத்தின் கீழ், நாவற்குடாவும் அடங்கும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. வெள்ளம் போன்ற அனர்த்தங்களுக்கு முன்னாயத்தம் செய்வதே நோக்கம். வெளிச்சுவர் வரை அவர்கள் வரைந்தார்கள். உள்ளே இருப்பதை வரைய வேண்டியவர்கள் நாம்தான்.

அளக்கப் போகும் வர்த்தகர்கள் இவற்றைக் கவனிக்கவும்:

1. ஷட்டரைத் திறந்து, மின்விளக்குகளைப் போட்டு, மூலைகளில் உள்ள சாமான்களை அகற்றுங்கள்.

2. வெறுஞ்சுவரில் இடையிடையே பத்திரிகைத் தாள் ஒட்டுங்கள். மெதுவாக நடந்து, தொடங்கிய மூலைக்கே திரும்பி வாருங்கள்.

3. மிக நீளமான சுவரையும் ஒரு குறுக்கு மூலையையும் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் டேப் சொல்வதே கணக்கு.

4. தூண், கதவு திறக்கும் பக்கம், மெயின் சுவிட்ச், வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறும் மட்டம் ஆகியவற்றைப் படத்தில் குறியுங்கள்.

5. இறாக்கைகளுக்கு இலக்கமிட்டு, எந்தச் சாமான் எங்கே என்று எழுதுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பையனும் தேடி அலைய மாட்டான். அந்தப் படத்தைத் திகதியிட்டு, புகைப்படங்களுடன் கடைக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். தீயோ வெள்ளமோ வந்து காப்புறுதி கேட்கும் நாளில் உதவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். உறுதி எழுதவும் எல்லை பிரிக்கவும் இந்தப் படம் செல்லாது. அதற்கு அனுமதிப்பத்திரம் பெற்ற நில அளவையாளர்தான் வர வேண்டும்.

இன்னொன்று, சொந்தக்காரரையும் கூட வைத்துக்கொண்டே அளங்கள். அவர் கண்முன் டேப்பைப் பிடித்ததால்தான் எங்களுக்குள் ஒரு வார்த்தை கூடத் தடிக்கவில்லை. வாடகை எழுதிக் கையொப்பமிட்ட பிறகு அளந்தால் மிஞ்சுவது மனக்கசப்பு மட்டும்தான்.