போன் ‘ம்’ கொட்டாது

தட்டில் பருப்புச் சாதம். எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன். அதில் ஆடிப்பாடும் பொம்மைகள். குழந்தையின் வாய் தானாகத் திறக்கிறது, கவளம் உள்ளே போகிறது, கண் மட்டும் திரையைவிட்டு அசைவதில்லை. இந்தக் காட்சியைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, “ஏபிசிடி எல்லாம் அதுலதான் கத்துக்கிட்டான்” என்று பெருமைப்படும். மற்றது, “போனப் பாத்துப் பாத்தே மூளை மழுங்கிப்போச்சு” என்று தலையில் அடித்துக்கொள்ளும். எவ்வளவு சண்டை போட்டாலும் இரண்டு கட்சிக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான்: போன் குழந்தைக்கு எதையோ செய்கிறது என்ற நம்பிக்கை. ஆய்வுகளை வரிசையாக வைத்துப் படித்தால் கேள்வியே வேறு இடத்தில் இருப்பது தெரியும். அந்த அரை மணி நேரத்தில் குழந்தை கையை நீட்டி “ஆ... ஆ...” என்றபோது, “என்னடா செல்லம், காக்காவா?” என்று கேட்க யாராவது இருந்தார்களா? மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடுகிறது.

பெருமைப்படும் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். சந்தையும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. கைக்குழந்தைக்கு வீடியோ போட்டுக் காட்டினால் அறிவு வளரும் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் ‘பேபி ஐன்ஸ்டைன்’ வீடியோக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த வியாபாரத்தை 2001-ல் டிஸ்னி வாங்கியது. விமர்சனங்கள் குவிந்த பிறகு 2009-ல், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. அடுத்த ஆண்டே உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகள். சிலருக்குச் சொல் கற்பிக்கும் வீடியோ, நான்கு வாரம். சிலருக்கு வீடியோ எதுவும் இல்லை. அதே சொற்களை வீட்டு வேலையினூடே சொல்லிக்கொடுக்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. கடைசியில் வீடியோ பார்த்த பிள்ளைகள், எதுவுமே செய்யாத பிரிவைவிட ஒரு சொல்கூட அதிகமாகக் கற்றிருக்கவில்லை. அதிகம் கற்றவர்கள், அப்பா அம்மா வாயால் கேட்டவர்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கண்டுபிடிப்பு: வீடியோவை ரசித்த பெற்றோர்தான் ‘என் பிள்ளை நிறையக் கற்றுவிட்டது’ என்று உறுதியாக நம்பினார்கள்.

“அப்படியானால் என் பையன் கலர் பேரெல்லாம் இங்கிலீஷில் ஒப்பிக்கிறானே, அது என்ன?” என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். இரண்டு வயதை நெருங்கும் குழந்தை கேட்ட ஒலியை அப்படியே திருப்பிச் சொல்லும். ராகத்தோடு சொன்னால் இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ‘பர்ப்பிள்’ என்று சொல்லத் தெரிந்த அதே பிள்ளை, தாகம் எடுத்தால் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தடியில் நிறுத்துகிறதா, “தண்ணி” என்று கேட்கிறதா என்று பாருங்கள். ஒப்பிப்பது நினைவாற்றல். எதிரே இருப்பவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதுதான் பேச்சு. முதலாவதைப் போன் தரும். இரண்டாவதைத் தர அதற்கு வழியில்லை, ஏனென்றால் பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதன் பாட்டு அது பாட்டுக்கு ஓடும்.

இதை மிகத் துல்லியமாகக் காட்டியது குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பாட்ரீசியா கூல் 2003-ல் வெளியிட்ட சோதனை. சீன மொழியே காதில் விழாத ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை உட்கார்ந்து விளையாடினார்கள், கதைப் புத்தகம் காட்டினார்கள். அதற்குள் அந்தக் குழந்தைகளின் காது சீன ஒலிகளின் நுட்பமான வேறுபாட்டைப் பிடித்துவிட்டது. அதே பேச்சை, அதே அளவு நேரம், வீடியோவாகப் பார்த்த குழந்தைகளிடம் மாற்றம் ஏதுமில்லை. ஏன் என்பதற்கு விளக்கம் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம். நம் பாட்டிகளின் பருப்புக் கடையும் விளையாட்டைப் பார்த்தால் போதும். பிஞ்சு உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, விரல் விரலாக மடக்கி வீட்டில் உள்ள எல்லோருக்கும் பங்கு வைத்தாயிற்று. இனி இரண்டு விரல்கள் நண்டாக ஊர்ந்து மணிக்கட்டைத் தாண்டி அக்குளை நோக்கிப் போகும். முழங்கையருகே பாட்டி ஒரு நொடி நிறுத்துவார். அந்த நொடியில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்க்கும். அது சிரிக்கத் தயாரானதைக் கண்ட பிறகுதான் கிச்சுக்கிச்சு. பயந்தாற்போல் இருந்தால் நண்டு திரும்பி இறங்கிவிடும். அந்த நிறுத்தம், குழந்தையின் முகத்தைப் படித்துவிட்டு அடுத்த அடி வைப்பது, எந்த வீடியோவிலும் கிடையாது. சென்னையிலிருந்தே 2013 முதல் உலகத்துக்கெல்லாம் மழலைப் பாடல் அனுப்பிக்கொண்டிருக்கும் சூச்சூ டிவியின் வண்ணங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு அழகாக எடுத்தாலும் படம் ‘ம்’ கொட்டாது, அவ்வளவுதான்.

இங்கிருந்து பார்த்தால் இன்னொரு தவறான நம்பிக்கையும் உதிர்ந்துவிடும்: திரை என்றாலே விஷம், துபாயில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதும் கூடாது என்பது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. கண்ணாடியும் வெளிச்சமும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றில் எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறார், கேட்டால் பதில் வருகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உறவினர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குத் தருகிறது.

“டிவி பாட்டுக்கு ஓடுது, அவன் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.” இது கூடத்தில் சீரியல் ஓடும் வீடுகளின் சமாதானம். 2008-ல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளைப் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விட்டார்கள். பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி டிவியில் ஓடியது. பாதி நேரம் டிவியை அணைத்து வைத்தார்கள். பிள்ளைகள் டிவியை அவ்வப்போதுதான், அதுவும் சில நொடிகளே பார்த்தார்கள். ஆனாலும் ஒரு பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் சுருங்கியது. ஓடும் டிவி பெரியவர்களின் வாயையும் அடைக்கிறது. 2024-ல் ஆஸ்திரேலியர்கள் 220 குடும்பங்களில் பிள்ளைகளின் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி நாள் முழுக்கக் கேட்ட பேச்சை எண்ணினார்கள். மூன்று வயதில், திரை ஓடும் ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் பிள்ளை கேட்கும் பெரியவர் சொற்கள் சராசரியாக 6.6 குறைந்தன; பிள்ளை எழுப்பும் குரல் 4.9 குறைந்தது, ஒருவர் சொல்ல மற்றவர் பதில் தரும் பரிமாற்றம் ஒன்றுக்குச் சற்று மேல் குறைந்தது. அந்தக் கருவிக்குச் சத்தம்தான் கேட்கும். சோபாவில் சாய்ந்து சத்தமில்லாமல் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் அப்பா அதன் கணக்கில் வரவில்லை. குழந்தையின் ‘திரை நேரத்தை’ எண்ணும் நாம் நம்முடையதை எண்ணுவதில்லை என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

சாப்பாட்டுத் தட்டுக்குத் திரும்புவோம். “அந்தக் காலத்தில் மட்டும் என்ன, நிலாவையும் காக்காவையும் காட்டி ஊட்டவில்லையா? அதுவும் வேடிக்கை காட்டுவதுதானே?” இந்த விவாதத்தில் எழும் மிகக் கூர்மையான ஆட்சேபம் இதுதான் என்பேன். ஆமாம், வேடிக்கைதான். ஏமாற்றி ஒரு வாய் கூடுதலாகத் திணிக்கும் பழக்கமும் அதில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காக்கா பறந்துவிடும். “காக்கா எங்கே?” என்று அம்மா கேட்பாள், குழந்தை கையை விரித்து, போய்விட்டது என்று காட்டும், வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டால், போதும் என்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருவரும் ஒரே பொருளைப் பார்த்து அதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொள்கிறார்கள். போனுக்கு முன்னால் குழந்தை ஒரு பக்கம், கவளத்தை உருட்டும் கை ஒரு பக்கம். வயிறு நிறைந்ததைக் குழந்தையும் கவனிக்காது, அம்மாவுக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதல், பசியையும் போதும் என்பதையும் காட்டும் குறிப்புகளைப் பார்த்து ஊட்டச் சொல்கிறது. பாடல் முடிந்ததா என்று பார்த்து ஊட்டுவது அதற்கு நேர்மாறு.

அறிவியல் தெரிந்தவர்களிடமிருந்து வேறொரு ஆட்சேபம் வரும்: இவையெல்லாம் இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் காட்டுகின்றன, ஒன்றால் மற்றது வந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே? ஆஸ்திரேலியக் கணக்கைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வீடியோச் சோதனைகளும் டிவிச் சோதனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே அமைத்தவை. அங்கே அந்த வாதம் நிற்காது. அதே சமயம் ‘ஒரு மணி நேரம்’ என்ற எண்ணைப் பூச்சிமருந்துப் புட்டியில் எழுதிய அளவைப் போல எடுத்துக்கொள்வதும் பிழை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று 2019-ல் சொன்ன உலக சுகாதார நிறுவனமே, பரிந்துரை வலுவானது, அதற்கான சான்றின் தரம் மிகக் குறைவு என்று சேர்த்தே எழுதியது. 61-வது நிமிடத்தில் எதுவும் வெடித்துவிடாது. “நாங்களும் டிவி பாத்துத்தான் வளந்தோம்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ ஒரு நேரத்தில் தொடங்கி ஒரு நேரத்தில் முடிந்தது; தெருவே கூடி உட்கார்ந்து கத்திக்கொண்டு பார்த்தது. இன்றைய காணொளி முடிவதே இல்லை, பார்ப்பது ஒற்றை ஆள்.

தலையில் அடித்துக்கொள்ளும் கட்சியின் நம்பிக்கைகளில் சில சில்லறை. போனால்தான் கண்ணாடி வந்தது என்பதில் பாதி உண்மை உண்டு; மறுபாதி, பிள்ளைகள் வெளியே போகாமல் அடைந்து கிடப்பது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பிள்ளைகளிடம் மூன்றாண்டில் கிட்டப்பார்வை குறைவாகவே தோன்றியது (30.4 சதவீதம், மற்றவர்களிடம் 39.5). போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு டியூஷனுக்கு அனுப்பினால் கண்ணுக்கு லாபம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நம்பிக்கை சில்லறை அல்ல, ஆபத்து: போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது, போனை நிறுத்தினால் போய்விடும் என்பது. ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயர் இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5, ஐ.சி.டி.-11 இரண்டிலும் அப்படி ஒன்று இல்லை. ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது. மூளை வளர்ச்சியில் அதன் வேர் பிறப்புக்கு முன்பே தொடங்குகிறது. பேசாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை போனைக் கொடுத்தால் அமைதியாகிறது என்பதால் அதன் கையில் போன் கூடுதலாகத் தங்குவதும் நடக்கும். அங்கே காரணமும் விளைவும் தலைகீழ். போனை நிறுத்தியதும் சில பிள்ளைகள் நன்றாகப் பேசத் தொடங்குவது உண்மைதான். அந்த நேரத்தை மனிதர்கள் நிரப்பியிருப்பார்கள். அதை வைத்து, “ஆறு மாசம் போன் இல்லாம பாப்போம்” என்றும், “ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்” என்றும் தள்ளிப்போடும்போது பயிற்சி அதிகம் பலன் தரும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. குற்றவுணர்ச்சியில் அம்மா குறுகிப்போவது தனிக் கொடுமை. ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், விரல் நீட்டி எதையும் காட்டாமல், இரண்டு வயதில் “அம்மா வா” என்பது போல இரண்டு சொல் சேர்க்காமல் இருந்தால், போன் இருந்த வீடா இல்லாத வீடா என்று விசாரிக்காமல் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும், கையோடு குழந்தை மருத்துவரையும் பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளுக்குப் பரிசோதனைக் குழு ஆண்டுக்கு இருமுறை வரும் ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இதற்கு உதவுகின்றன.

மிச்சம் இருப்பது நடைமுறைக் கேள்வி. வேலையிலிருந்து வந்து, தனிக்குடித்தனத்தில், ஒரு கையில் சப்பாத்திக் கட்டையோடு நிற்பவளிடம் போய் ‘குழந்தையோடு பேசிக்கொண்டே இருங்கள்’ என்று சொன்னால் அவள் கட்டையை ஓங்கினாலும் தப்பில்லை. இருபது நிமிடம் போன் கொடுத்ததால் பிள்ளை கெட்டுப்போகாது; சாப்பாட்டு நேரத்துக்கும் தூங்கும் நேரத்துக்கும் மட்டும் அதைக் கொண்டுவராமல் இருந்தால் பெரிய பகுதி சரியாகிவிடும். பிள்ளையை எந்நேரமும் யாராவது மகிழ்வித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இன்னொரு மூடநம்பிக்கை. நாலு கிண்ணமும் ஒரு கரண்டியும் இருந்தால் தரையில் உட்கார்ந்து அதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் கணவர் இருந்தால் அவர் வெங்காயம் உரிக்கலாம், தோலைக் குழந்தை பிய்க்கும். அதுவும் இல்லையென்றால் குக்கர் இருக்கிறது. “எத்தனை விசில்டா ஆச்சு?” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் இரண்டரை வயது கூடத்திலிருந்து “நெண்டு” என்று கத்தும். ஆனது மூன்றாக இருக்கும்.