வெட்டக் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

ரேட்டிங் 1500 சொச்சத்தில் ஆடும் இரண்டு கிளப் சதுரங்க ஆட்டக்காரர்களின் பலகைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. ஒருவருக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் நிதானமாக ஆடினால் டிரா. அவரோ யானைக்கு யானை வெட்டக் கொடுப்பார். காய் குறைந்தால் தலைவலியும் குறையும் என்ற கணக்கு! வெட்டி முடிந்த பிறகுதான் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஆட்டம் தோல்வி என்று தெரியும்.

உலக சாம்பியனும் இப்படித்தான் பட்டத்தை விட்டார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். புள்ளி 6.5–6.5. டிரா ஆனால் மறுநாள் டைபிரேக். ஒரு சிப்பாய் குறைவாக இருந்த டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை வெட்டக் கொடுத்தார். எதிராளி குகேஷ் வெட்டினார், அடுத்து பிஷப்பையும் எதிரே கொண்டுவந்து வைத்தார். டிங்கின் பிஷப் மூலையில் மாட்டியிருந்ததால் தப்ப வழியில்லை. 58ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

திருத்தங்கல், சிவகாசிப் பக்கம் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சீக்கிரம் முடித்துவிடத் துடிக்கும் இந்த அவசரம் நன்றாகப் புரியும். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் ஆர்டர் குவியத் தொடங்கும். சாயங்காலம் மெஷின்மேன் காத்திருப்பார், ஏஜென்ட் விடாமல் போன் அடிப்பார். ப்ரூஃபில் ‘ஓகே’ போட்டால் வீட்டுக்குப் போகலாம். காலண்டரில் அச்சாகும் கடைக்காரரின் போன் நம்பரில் ஓர் எண் மாறியிருந்தால்? பிளேட் போடுமுன் அது ஒரு நிமிட வேலை. அச்சான பிறகு அத்தனை தாளும் எடைக்குத்தான்.

ஆகவே, கையெழுத்துக்கு முன் ஒரே கேள்வி: இது போன பிறகு எதை என்னால் திருத்த முடியும்? ‘ஒன்றுமில்லை’ என்றால் இன்னொருவரை நம்பரை உரக்க வாசிக்கச் சொல்லி, நீங்கள் ஆர்டர் தாளைப் பாருங்கள்.

நீண்ட நேரச் சதுரங்கப் போட்டிகளில் நகர்த்தல்களை எழுதுவார்கள். நீங்களும் பாக்கெட் நோட்டில் எழுதுங்கள்: போனில் யார், எத்தனை மணிக்கு, என்ன மாற்றச் சொன்னார். தகராறு வந்தால் அதுதான் பேசும்.

சம்பளப் பேச்சிலும் அவசரப்பட்டு முடிக்கும் இதே ஆபத்து உண்டு. முதலாளி ஒரு தொகை சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தச் சங்கடம் தீர்ந்தால் போதும் என்று நம் பிள்ளைகள் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். “நாளைக் காலையில் சொல்றேன் அண்ணாச்சி” என்று எழுந்து வாருங்கள். ஓவர்டைம், போனஸ், பி.எஃப். மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு மறுநாள் போங்கள்.