மோதியவன் ஓடிவிட்டான், இழப்பீட்டை எங்கே கேட்பது?

"அடிச்சிட்டு ஓடிட்டான். இனி யார் மேல கேஸ் போடுறது?" நீலாய், மந்தின், லாபு பக்கம் விபத்து நடந்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். ஓடியவன் பிடிபட்டால்தான் காசு என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அதற்குள் கடைக்காரரின் கேமரா பதிவு அழிந்துபோகும், பார்த்த சாட்சி வேலை மாறிப் போய்விடுவார்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு. அந்த நேரத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?

வீட்டிலிருந்து தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகும் வழியில், அல்லது ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் அடிபட்டிருந்தால், அது 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலை விபத்து. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பணம் தர, மோதியது யார், தப்பு யார் மேல் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவச் செலவோடு, எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால் அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. உயிர் போயிருந்தால் சார்ந்திருப்போருக்கு மாத உதவி. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இந்த வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் நேப்பாள, வங்காளதேச நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பயணத்தை இடையில் நிறுத்தினாலோ, வழக்கமான வழியை விட்டு விலகினாலோ சட்டம் கைவிடலாம். ஆகவே விண்ணப்பத்தோடு போகும் வழி வரைபடத்தை ஏனோதானோவென்று கிறுக்கிக் கொடுக்காதீர்கள். வீடு, சந்திப்பு, விபத்து நடந்த இடம், வேலையிடம் எல்லாவற்றையும் தெளிவாகக் குறியுங்கள். அன்றைய பஞ்ச் கார்டு அல்லது வருகைப் பதிவின் நகலும் வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தகவல் தர வேண்டும். தோட்ட ஆபீஸ் கிராணி "பாத்துக்கலாம்" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.

வேலைப் பயணமில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது நடந்தது என்றால்? அப்போதும் சொக்சோவின் கதவு முழுதாக மூடியதில்லை. அடிபட்டவர் இனி உழைக்கவே முடியாத நிலைக்குப் போய்விட்டால், போதிய சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், கெயிலாத்தான் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் திட்டம் எங்கே, எப்படி அடிபட்டது என்று பார்ப்பதில்லை.

இனி காகித விஷயம். பல கேஸ்கள் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். அவசரப் பிரிவில் "என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் "மோட்டார்ல இருந்து விழுந்துட்டார்" என்கிறார். தானாக விழுந்ததாகக் குறிப்பு ஏறிவிடுகிறது. வேறு வாகனம் மோதியது என்று பிறகு சொன்னால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். அதனால் முதல் வாயிலேயே "வண்டி ஒன்று மோதிவிட்டு ஓடியது" என்று சொல்ல வேண்டும். போலீஸ் ரிப்போர்ட்டும் அப்படியே. 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள். அடிபட்டவர் படுக்கையில் இருந்தால் வீட்டார் யாராவது கொடுக்கலாம். மலாயில் தட்டச்சு செய்ததைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். விட்டுப்போனது இருந்தால் கூடுதல் ரிப்போர்ட் கொடுக்கலாம். சாலையில் உடைந்து கிடந்த விளக்குத் துண்டு, பெயிண்ட் செதில் எதையும் குப்பையில் போடாமல் விசாரணை அதிகாரியிடம் ஒப்படையுங்கள். பெட்ரோல் நிலையம், தொழிற்சாலைக் காவல் கூண்டு, எதிர்க்கடை என்று கேமரா இருக்கும் இடங்களை அந்த வாரமே போய்ப் பாருங்கள்.

வண்டி எண் முழுதாகக் கிடைத்துவிட்டால் கதையே வேறு. ஓட்டியவன் ஓடினாலும் வண்டிக்கு உரிமையாளர் உண்டு, பெரும்பாலும் காப்புறுதியும் உண்டு. அப்போது வழக்கறிஞர் வைத்து செஷன்ஸ் நீதிமன்றம் போகலாம். வாகன விபத்து வழக்குகளுக்கு அங்கே தொகை வரம்பு கிடையாது. காயத்துக்கு வழக்குத் தொடர 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. உயிரிழந்தவரின் குடும்பம் கேட்கும் இழப்பீட்டுக்கு 3 ஆண்டுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் நான்காம் ஆண்டில் வந்து நிற்பவர்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணும் இல்லை, ஆளும் இல்லை என்றால் கடைசி வாசல் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பீரோ. எம்.ஐ.பி. என்பார்கள். 1968-இல் போக்குவரத்து அமைச்சருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இயங்குகிறது, செலவைக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்கின்றன. அடையாளம் தெரிந்தும் காப்புறுதி இல்லாத ஓட்டுநர் என்றால், அவர்மேல் வாங்கிய தீர்ப்புத் தொகைக்கு இதனிடம் போகலாம். யாரென்றே தெரியாதவன் மோதினால், பீரோ தருவது கருணைத் தொகை மட்டுமே. உரிமையென்று சொல்லிக் கேட்க முடியாது. இந்தியாவில் இதுபோன்ற விபத்தில் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டமே தொகையை வகுத்திருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒரு வரையறை வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை பீரோவின் மனத்தை அசைப்பது உங்கள் காகிதங்கள்தான்: ரிப்போர்ட், வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் விசாரணை முடிவு, மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு, ரசீதுகள். உடைந்த மோட்டாருக்குப் பீரோ காசு தராது.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டாயக் காப்புறுதிச் சட்டம் பொதுமக்கள் போய்வரும் சாலைகளுக்கே பொருந்தும். பொதுமக்கள் தாராளமாகப் பயன்படுத்தும் தோட்டத்துச் செம்மண் ரோடு அதில் அடங்கலாம், கேட் போட்டுக் காவலாளி நிற்கும் உள்ரோடு என்றால் வாதாட வேண்டிவரும். எந்த இடம், யார் யார் போய்வருகிறார்கள் என்பதற்குப் படம் எடுத்து வையுங்கள்.

மருத்துவமனை வாசலிலும் ஒர்க்‌ஷாப்பிலும் "நான் கிளைம் எடுத்துத் தர்றேன், இத்தனை பர்சன்ட் போதும்" என்று வருகிற ஆட்களிடம் ஐ.சி. நகலும் வெற்றுக் காகிதக் கையெழுத்தும் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்துவதை 1976-ஆம் ஆண்டு சட்டத்தொழில் சட்டம் வழக்கறிஞர்களுக்கே தடை செய்கிறது. வசதி இல்லாதவர்கள் சிரம்பானில் உள்ள அரசாங்கச் சட்ட உதவித் துறைக் கிளையில் கேட்டுப் பாருங்கள். சொக்சோவுக்கு விண்ணப்பிக்கவோ ஏஜெண்டும் தேவையில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.